வந்து சேராத மிஸ்டு கால்

அன்புள்ள அப்பா,

இன்று காலை வடகவுஞ்சி விலக்கில் பேருந்து நின்றபோது, அரைத்த காப்பிப் பழத்தின் புளித்த வாடை ஜன்னல் வழியே ஏறியது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உங்கள் சட்டை நினைவுக்கு வந்தது. இறங்கியிருக்கலாம். அங்கே யாரைப் பார்த்து என்ன பேச என்று உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

அப்போது நான் மதுரையில் செல்போன் கம்பெனி வேலையில் சேர்ந்த புதிது. சாயங்காலம் காப்பித் தோட்டத்திலிருந்து வந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பீர்கள். 'வந்துட்டேன், நல்லாயிருக்கேன்' என்று அதற்கு அர்த்தம். நான் திருப்பிக் கூப்பிடுவேன். பழம் அரைக்கும் மெஷின் பக்கத்திலேயே நின்று நின்று உங்களுக்குக் காது மந்தம். மணி அடிக்கிறதா என்று போனைக் காதில் வைத்துப் பார்க்கவே மாட்டீர்கள். நம்பரை அழுத்திவிட்டு, பால் சேர்க்காத பிளேன்டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, சிவப்புப் பொத்தானை அமுக்குவீர்கள். இலங்கையிலிருந்து கொண்டுவந்த டீப் பழக்கம் போனுக்கும் அளவாகிவிட்டது என்று நான் கேலி செய்வேன்.

என் வேலையைப் பற்றி உங்களிடம் நான் அடித்த தம்பட்டம் கொஞ்சமா? ஒருவர் போன் போட்டால், அவர் கணக்கில் காசு இருக்கிறதா என்று எங்கள் மெஷின் பில்லிங் சர்வரைக் கேட்கும். பதில் வந்தால்தான் எதிர்முனையில் மணி அடிக்கும். சர்வர் வாயைத் திறக்காவிட்டால் மறுபடி கேட்கும். கேட்டுக் கேட்டும் பதில் இல்லையென்றால் மட்டும் காசு பிடிக்காமலே அழைப்பை விட்டுவிடும். எத்தனை முறை கேட்பது என்று வைப்பது நான்தான் என்றேன். லயத்து வரிசை வீடுகள் முழுக்க அதைச் சொல்லி வைத்தீர்கள்.

அந்த மழைக்காலத்தில் சர்வர் சாயங்காலமானால் திணறியது. பதில் வராத அழைப்பெல்லாம் ஓசியில் போகிறதே என்று மேனேஜர் கத்தினார். மறுபடி கேட்கும் எண்ணிக்கையை நான் கூட்டி வைத்தேன். நன்றாகச் செய்தாய் என்றார். கூப்பிடுகிறவர் அத்தனை நேரமும் போனில் ஒரு சத்தமும் இல்லாமல் காத்திருக்க வேண்டும் என்பதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

உங்கள் மிஸ்டு கால் நின்றுபோனது. பண்டிகைக்கு நான் ஊருக்கு வராத கோபம் என்று நினைத்தேன். எனக்கும் ரோஷம், நானும் கூப்பிடவில்லை. ஒரு வாரம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே பஸ் ஏறி வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல், லயத்து சனம் பார்க்க உங்களைப் பிடித்துத் திட்டினேன்.

"தெனமும் குடுத்தேனே புள்ள" என்றீர்கள்.

எப்போது கட் பண்ணினீர்கள் என்று கேட்டேன். நீங்கள் டம்ளரைக் காட்டினீர்கள். எனக்குச் சட்டென்று உறைத்தது. மெஷின் சர்வரையே கேட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் கட் பண்ணியிருக்கிறீர்கள். என் போன் ஒருநாளும் அடிக்கவே இல்லை. திக்கித் திணறி அதைச் சொன்னேன்.

"அப்ப யாரு தாயி அப்பிடி வச்சது?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "மேல உள்ளவுக வச்சிருப்பாக. இவ என்ன செய்வா, பாவம்."

யார் வைத்தது என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தனை பேருக்கு நடுவே அப்பாவைப் பொய் சொல்ல வைத்தோமே என்று உடம்பு கூசியது.

எல்லோரும் போன பிறகு, ஒரு தடவை கூப்பிட்டுப் பேசியிருக்கலாமே என்று கேட்டேன். டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னீர்கள்: "நீ பாத்துட்டுத்தான் விட்டுட்டேன்னு நெனச்சேன். மறுக்கா மறுக்கா கூப்பிட்டா ஒனக்குச் சங்கடமாயிருமேன்னுதான்..."

மதுரைக்குத் திரும்பிப் போனதும் அந்த எண்ணிக்கையைக் குறைத்தேன். மேனேஜர் திட்டினார், திட்டட்டும். மறுநாள் சாயங்காலம் உங்கள் மிஸ்டு கால் வந்தது. அதன்பின் நீங்கள் இருந்தவரை நிற்கவில்லை.

இன்னமும் இதே வேலைதான் பார்க்கிறேன், அப்பா. பதில் சொல்லாத சர்வரை எத்தனை முறை கேட்கலாம் என்று புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். யோசிக்காமல் சொல்கிறேன். பெற்ற மகளை இரண்டாவது முறை கூப்பிடக் கூச்சப்படும்படி நான் உங்களிடம் என்றைக்கு, எப்படி நடந்துகொண்டேன் என்பதுதான் எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

உங்கள் மகள்