குலுக்கியபோது கேட்ட சத்தம்

சாவ் கார்லோஸ்,
வெள்ளிக்கிழமை

அன்பு டல்வா,

நீயும் அத்தையும் சுகம்தானே? உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

எட்டு மாதமாகப் பாகம் பாகமாகப் பூட்டிய ரிமோட் ஜெட்டை நேற்றுதான் முதன்முதலாக ஸ்டார்ட் செய்தோம். மாதிரி விமானம்தான், ஆனால் என்னைவிட நீளம். உள்ளே இருப்பது நிஜ டர்பைன். ஒரு திருகாணியை உறிஞ்சினாலும் தூள் தூளாகிவிடும். அதனால் ஸ்டார்ட் செய்யுமுன் விமானத்தைத் தலைகீழாகத் தூக்கிக் குலுக்கி, மூச்சடக்கிக் காது கொடுப்பது எங்கள் பட்டறை வழக்கம்.

'கிளிங்' என்றது.

"எவன்டா உள்ள சில்லறை போட்டது? இதென்ன மாதா கோயில் உண்டியலா?" என்று கத்தினார் மேஸ்திரி வால்டெமிர்.

காற்றுக் குழாய்க்குள் கைவிட்டு எடுத்தால், என் கல்யாண மோதிரம்! காலையில் உள்ளே பிசின் தடவியபோது கழன்றிருக்கிறது.

"பெலேங்காரன் பொண்டாட்டியையே எஞ்சினுக்குத் தின்னக் குடுக்கப் பாத்தான்!" என்று பட்டறை முழுக்க ஒரே சிரிப்பு. நம்மூர் பெலேமை வைத்து இங்கே எனக்கு அதுதான் பெயர்.

பிறகு ஸ்டார்ட் செய்தோம். முதலில் கொசுவின் முனகல், அப்புறம் விசில், அப்புறம் என் நெஞ்செலும்பே அதிர்ந்தது. பின்னால் காற்று கானலாக நெளிய, இருபதடி தள்ளியிருந்த புல் தரையோடு படுத்துவிட்டது. இந்தக் கைகளா இதைப் பூட்டின என்று என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

விரல்கள் சற்று மெலிந்திருக்கின்றன, அவ்வளவுதான். இங்கே விற்கும் மரவள்ளி மாவு வெறும் மரத்தூள். நம் சந்தை மாவு இரண்டு கிலோ அனுப்பு.

மேஸ்திரி கூப்பிடுகிறார், இன்று பறக்கவிடப் போகிறோம். மோதிரத்தில் நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன். அதை நீதான் வந்து அவிழ்க்க வேண்டும்.

உன்
ஜுராந்திர்