சபை நடக்கும் நாட்களில் நாத்தனார்

பிப்ரவரி 9, திங்கள்

நாளை சபை கூடுகிறது. அதனால் இன்று மாலை நாத்தனாரை வழியனுப்பி வைத்தோம். அடுத்த தெருவில் இருப்பவரை வழியனுப்புவதாவது என்று யாராவது சிரிக்கலாம். எங்கள் வீட்டில் அது உண்டு.

நான் சபாநாயகர். என் வீட்டுக்காரரின் அக்கா நிதி அமைச்சர். என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்தபோது எதிர்க்கட்சி முணுமுணுத்தது. நானே எழுந்து ஒரு வாக்கு கொடுத்தேன். சபை நடக்கும் நாட்களில் நிதி அமைச்சர் என் வீட்டு வாசல் மிதிக்க மாட்டார், நானும் அவர் வீட்டுக்குப் போக மாட்டேன், போனிலும் பேச மாட்டோம் என்றேன். இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். கைதட்டியவர்களுக்கு என்ன தெரியும்? வாய்க்கு வாய் பேசிப் பழகிய ஆள் இல்லாமல் நாள் ஓட்டுவது அவர்களா, நானா?

வழக்கம்போல் ஏழு மணிக்குக் கிளம்பினார். வழக்கம்போல் செருப்பைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் வாசலில் நின்று பேசினார். செருப்பு காலில் ஏறினால்தான் அக்காவுக்குப் பேச்சே வரும். "உடம்பைப் பாத்துக்கோ. ரொம்ப மணி அடிக்காத, தோள் வலிக்கும்" என்றார். "நீங்க ரொம்ப நேரம் பேசாம இருந்தா நான் ஏன்க்கா அடிக்கப் போறேன்?" என்றேன்.

பிப்ரவரி 10

முதல் நாளே பல் டாக்டர் ஆரம்பித்துவிட்டார். எதிர்க்கட்சிக்காரர், நிஜமாகவே பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் பல் பிடுங்குகிறார். சபையில் கேள்வி கேட்பதும் அதே தினுசுதான். குரலை உயர்த்த மாட்டார், பிடித்த பிடியை விடவும் மாட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் வந்த வெள்ளத்துக்குப் பிறகு வீடிழந்தவர்களுக்கு அரசு வீடு கட்டிக் கொடுத்தது. அவசர நிதியிலிருந்து பணம். அதற்கு சபையின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம், ஆனால் அடுத்த கூட்டத்தொடரில் கணக்கைச் சபை முன் வைத்தாக வேண்டும். இரண்டு கூட்டத்தொடர் போய்விட்டது. கணக்கு எங்கே என்றார்.

அக்கா எழுந்து, "வீடுகள் நிற்கின்றன. உறுப்பினர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். ஆளுங்கட்சி மேசையைத் தட்டியது. அது பதில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 12

வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையை அடைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போய் வந்தார். நான் ஒன்றும் விசாரிக்கவில்லை. சாப்பிட்டு முடிக்கிற வரை பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே, "ஒண்ணும் கேக்கலியா நீ?" என்றார். உறுப்பினர் அமரவும் என்றேன்.

பிப்ரவரி 17

சபைச் செயலாளர் என் அறைக்கு வந்தார். பல் டாக்டர் தீர்மானம் கொடுத்திருக்கிறார்: அவசர நிதிச் செலவைப் பொதுக்கணக்குக் குழுவின் விசாரணைக்கு அனுப்ப வேண்டும். நாளை மறுநாள் விவாதம், வாக்கெடுப்பு.

"ஆளுங்கட்சியில ரெண்டு பேர் முறுக்கிக்கிட்டு இருக்காங்கம்மா. ஓட்டு சரிசமமா வந்துட்டா..." என்று இழுத்தார். சரிசமமாக வந்தால் சபாநாயகர் போட வேண்டும். எப்படிப் போட வேண்டும் என்பதற்கும் மரபு இருக்கிறது. சபாநாயகரின் ஓட்டு பேச்சை முடித்து வைக்கக் கூடாது. விஷயம் திறந்தே இருக்கும் பக்கம் விழ வேண்டும். அதாவது விசாரணைப் பக்கம். அதாவது அக்காவுக்கு எதிராக.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் வீட்டுக்காரர் கடையில் வாங்கியது. அவர் போன பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், வேறு எதையும் நினைக்கப் பிடிக்காமல்.

பிப்ரவரி 18

எனக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது பட்ஜெட் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தவர் அக்கா. வீட்டுக்குப் போகச் சொன்ன நர்ஸிடம், "இங்க இருந்தா கூட்டல் தப்பா வராது" என்றாராம். இரண்டு பேரும் வக்கீலாக இருந்த காலத்தில் இந்த வீட்டுக்கு என்னை மருமகளாகக் கொண்டுவந்ததே அவர்தான். தம்பிக்குப் பெண் பார்க்கிறேன் என்று சொல்லித் தனக்கு ஒரு சிநேகிதியைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா ஒரு காசு எடுத்திருக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும். தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுவேன்.

சரி. நான் நம்புறேன். நான் நம்பினா போதுமா? வரி கட்டினவங்க எல்லாரும் அவங்க தம்பியைக் கட்டிக்கிட்டவங்களா என்ன?

கணக்கை வச்சுடுங்கக்கா. நாளைக்குக் காலையில எழுந்து, தாமதமாயிடுச்சு, இந்தாங்கன்னு சொல்லிடுங்க. தீர்மானமே தேவைப்படாது. — போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. எடுக்கவில்லை.

பிப்ரவரி 19

எழுதத்தான் வேண்டும்.

காலை பத்து மணிக்கு விவாதம். பல் டாக்டர் பேசினார். நன்றாகவே பேசினார். "அமைச்சர் திருடினார் என்று நான் சொல்லவில்லை. நல்லவர்கள் கணக்குக் காட்ட வேண்டாம் என்று ஒரு சட்டம் வந்துவிட்டால், அடுத்து வருகிற கெட்டவனும் அதைத்தான் காட்டுவான்" என்றார். 

அக்கா பதில் சொல்ல எழுந்தார். மழையில் பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடந்தவர்களைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு காகிதத்துக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தால் அடுத்த மழை வந்திருக்கும் என்றார். அதுவும் உண்மைதான். பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "அள்ளிட்டுப் போனது யாரு? அதைச் சொல்லு!"

அக்கா திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது எனக்கு மட்டும்தான் தெரிந்ததா, எல்லோருக்கும் தெரிந்ததா? அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. காலை மாத்திரையை மறக்கிற ஆள். நான் மணி அடித்திருக்க வேண்டும். மாண்புமிகு நிதி அமைச்சர் அமரவும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"அக்கா, உட்காருங்க. தண்ணி குடிங்க" என்றேன்.

மைக்கில்.

என் வாழ்நாளில் அந்தச் சபை அவ்வளவு அமைதியாக இருந்து பார்த்ததில்லை. பிறகு ஒரே கூச்சல். சபாநாயகர் இறங்க வேண்டும், குடும்பம் நடத்த இது வீடா, அக்கா தங்கச்சி சபையா. எல்லாம் கேட்டேன். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. இறங்கத்தான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

அப்போது பல் டாக்டர் எழுந்தார். "எங்க வீட்டிலும் அக்கா இருக்காங்க. மயக்கம் போடுற மாதிரி இருந்தா நானும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பேன். சபாநாயகர் இருக்கட்டும், வாக்கெடுப்பை நடத்தட்டும்" என்றார். அவர் ஆட்களே அவரை முறைத்தார்கள்.

நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று.

"விவாதம் தொடர வேண்டும் என்பது மரபு. என் வாக்கு, ஆம்." என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. அக்கா காகிதங்களை அடுக்கினார். ஓரங்களைத் தட்டிச் சரி செய்தார். என்னைப் பார்க்காமலே வெளியே போனார்.

மாலையில் அவைக்குறிப்பு எழுதுகிற பெண் வந்தாள். "மேடம், அந்த 'அக்கா'... குறிப்பிலேர்ந்து எடுத்துடவா?" என்று கேட்டாள், பாவம், எனக்கு உதவி செய்வதாக நினைத்து. மற்றவர்கள் உளறியதையெல்லாம் நீக்கச் சொல்லி எத்தனை முறை உத்தரவு போட்டிருக்கிறேன். என்னுடையது இருக்கட்டும் என்றேன். சொன்னது சொன்னதுதான்.

பிப்ரவரி 20

பத்திரிகைகளில் என் படம். வாய் திறந்தபடி.

பிப்ரவரி 28

நேற்றோடு கூட்டத்தொடர் முடிந்தது. முடிந்த மறுநாள் அக்கா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார், அது எழுதாத சட்டம். மேசையில் மூன்று தட்டு வைத்தேன். மூன்று மணி வரை வைத்திருந்தேன். பிறகு வீட்டுக்காரர் ஒரு தட்டை எடுத்து உள்ளே வைத்தார். அதற்கும் அவரோடு சண்டை போட்டேன்.

மார்ச் 8

வீட்டுக்காரர் இன்று வெடித்துவிட்டார். "நீ மரபுங்கற. அவ, என் தம்பி பொண்டாட்டி எனக்கு எதிரா கை தூக்கினாங்கறா. ரெண்டு பேர் சொல்றதும் எனக்குப் புரியுது. நடுவுல நான் என்ன பண்றது? கண்ணாடி விக்கறேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். நான் அழுதுவிட்டேன்.

மார்ச் 15

மானம் பார்த்தால் ஆகாது என்று நானே கிளம்பிப் போனேன்.

அக்காதான் கதவைத் திறந்தார். "வாங்க, உட்காருங்க" என்றார். டீ கொண்டுவந்தார். "சர்க்கரை போதுமா உங்களுக்கு?"

வாங்க. உங்களுக்கு. இத்தனை வருடத்தில் என்னை நீ, வா, போ, ஏண்டி என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிடாத வாய். திட்டியிருந்தால் திருப்பிச் சொல்ல என்னிடம் நூறு பதில் இருந்தது. வக்கீலாக இருந்தவள்தானே நான். மரியாதைக்கு என்ன பதில் சொல்வது? டீயைக் குடித்தேன். வெயில் அதிகம் என்றேன். ஆமாம் என்றார். எழுந்து வந்தேன். வாசல் வரை வந்து கதவைச் சாத்திக்கொண்டார். அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

வழியில் யாரோ வணக்கம் சொன்னார்கள். திரும்பச் சொன்னேனா என்று நினைவில்லை.

மறுபடியும் அந்த ஓட்டு வந்தால் எப்படிப் போடுவேன்? அப்படியேதான். அதுதான் இன்னும் வலிக்கிறது.

ஏப்ரல் 2

பொதுக்கணக்குக் குழு அந்த வீடுகளை நேரில் போய்ப் பார்த்திருக்கிறது. பல் டாக்டரும் போயிருக்கிறார். முதல் தெருக்கள் எல்லாம் நல்ல வீடுகள். திறப்பு விழாவுக்கு அக்காவை அழைத்துப் போய்க் காட்டியதும் அந்தத் தெருக்களைத்தான். கடைசித் தெருவில் சுவர் மட்டும் நிற்கிறது. கூரை இல்லை. கூரை போட்டதாகக் காண்டிராக்டர் பணம் வாங்கியிருக்கிறான், இரண்டு முறை. அக்காவின் துறை ஆள் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். அக்காமேல் ஒரு காசு குற்றமில்லை என்றும் குழு சொல்லியிருக்கிறது.

எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். பாதி சந்தோஷம்தான் வந்தது. போன வருட மழையை அந்தத் தெரு எப்படித் தாங்கியிருக்கும்?

ஏப்ரல் 3

நிதி அமைச்சர் ராஜினாமா. டிவியில்தான் பார்த்தேன். யார்மேலும் பழி போடவில்லை. "நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை" என்று இரண்டே வரி. இவ்வளவு சுருக்கமாக அக்கா பேசி நான் கேட்டதே இல்லை. வீட்டுக்காரர் கடையை அடைத்துவிட்டு ஓடினார். என்னை வரச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 11, சனி

மதியம் அழைப்பு மணி. அக்கா. கையில் பை இல்லை, கார் இல்லை, நடந்தே வந்திருக்கிறார். முகம் கறுத்துப்போயிருந்தது. வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தார். பிறகு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"கடைசித் தெருவுக்குப் போயிட்டு வரேன்" என்றார். "தனியாத்தான் போனேன். ஒரு அம்மா, யாருன்னு தெரிஞ்சும் நாற்காலி போட்டாங்க. தலைக்கு மேல தார்ப்பாய். ஓட்டையில வெயில் உள்ள விழுது. 'ஒரு வருஷமா யாரும் வரல, குழு வந்தப்புறம்தான் எல்லாரும் வராங்க'ன்னு சொன்னாங்க. கோவமா சொல்லலடி. சும்மா தகவல் சொல்ற மாதிரி சொன்னாங்க."

டம்ளரை வாங்கி மறுபடியும் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன்.

"நீ கை தூக்காம இருந்திருந்தா அந்தம்மா கடைசி வரைக்கும் அங்க தார்ப்பாய்க்குக் கீழதான். நானும் வீடு நிக்குது, போய்ப் பாருன்னு சொல்லிட்டே இருந்திருப்பேன். நீ என்னைச் சந்தேகப்பட்டுட்டன்னு நினைச்சுத்தான் உன்னை ஒதுக்கினேன்."

"ஒரு நிமிஷம்கூட சந்தேகப்படலக்கா."

"தெரியும். உள்ளுக்குள்ள அப்பவே தெரியும். நம்பிக்கிட்டே ஓட்டுப் போட்டியே, அதான் இன்னும் கோவம்." மூக்கை உறிஞ்சினார். "ரொம்ப வலிச்சுது எனக்கு."

"எனக்கும்தான்" என்றேன். அப்புறம் இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து நன்றாக அழுதோம். இரண்டு முன்னாள் வக்கீல்கள், ஒரு வாதமும் இல்லாமல்.

சாப்பிட்டார். கொஞ்சம்தான். "தூங்கி ரொம்ப நாளாச்சு. இங்க படுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். என் படுக்கையில் படுத்த ஐந்தாவது நிமிடம் குறட்டை.

நாலு மணிக்கு ஒரு நிருபர் போன் செய்தார். முன்னாள் அமைச்சர் எங்கே என்று ஊரெல்லாம் தேடுகிறார்களாம். "மேடம், உங்க வீட்டுக்குள்ள போனதைப் பார்த்ததா ஒருத்தர் சொல்றார். உண்மையா?"

"உண்மைதான். என் நாத்தனார் தூங்கறாங்க. எழுந்ததும் கேட்டுச் சொல்றேன்."

"சபாநாயகர் வீட்டுல இருக்காங்கன்னு எழுதிக்கலாமா?"

"தாராளமா எழுதிக்குங்க" என்று போனை வைத்தேன். அறைக்குப் போய்ப் பார்த்தேன். ஜன்னல் வெயில் அக்காவின் முகத்துக்கு வந்துவிட்டிருந்தது. திரையை இழுத்துவிட்டேன்.