மாலைக்கு மிச்சமில்லாத கைகள்

மார்ச் 4, திங்கள்

காலையில் நீதிமன்றம், மதியம் மருத்துவமனை. காது கேளாதவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நின்று நாள் முழுக்கச் சைகையில் மொழிபெயர்த்தேன். வீடு வந்தபோது கட்டைவிரல் அடிமூட்டில் நெருப்பு. தோளைத் தூக்க முடியவில்லை.

என் கணவர் தன் கடைக் கதையோடு காத்திருந்தார். உறை மாற்றக் கொடுத்த சோபாவைப் பிரித்தால் உள்ளே ஒரு பல்செட்டாம்! சிரித்துச் சிரித்துக் கையால் சொன்னார். யாருடையது என்று கேட்க எனக்கும் ஆசைதான். தலையை மட்டும் ஆட்டினேன்.

பிறவியிலேயே காது கேட்காத மனிதர். என் கை ஓய்ந்தால் அவருக்கு நான் ஊமை.

மார்ச் 9, சனி

படுத்தேன். எழுந்தேன். அவ்வளவுதான் விடுமுறை.

மார்ச் 15, வெள்ளி

ஹார்மோன் டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல்மா, நிம்மதியா இருங்க" என்றார். அக்ரோமெகலி. மூளைக்கு அடியில் சின்னக் கட்டி. அதனால் வளர்ச்சி ஹார்மோன் மிதமிஞ்சிச் சுரந்து கை, கால், தாடை எல்லாம் பருத்துவிட்டன. கட்டியை மூக்கு வழியாக எடுத்து இரண்டு வருடம் ஆகிறது.

"அப்புறம் ஏன் டாக்டர் வலிக்குது?"

மூட்டு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மாடியில் குடியிருக்கும் நாத்தனார் படியிலேயே பிடித்துக்கொண்டார். "அதான் குணமாயிடுச்சே, இன்னும் என்ன மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு? என் தம்பி சுவத்தோடவா பேசுவான்?"

என் மூஞ்சி இப்ப ரொம்பப் பெரிசு அண்ணி, தூக்கி வைக்க இடம் பத்தாது — சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மார்ச் 28, வியாழன்

சாப்பிட்டு முடித்ததும் அவர் தட்டைத் தள்ளிவிட்டுக் கையைத் தூக்கினார். "என்கிட்ட பேசப் பிடிக்கலையா உனக்கு?"

வலிக்கிறது என்று காட்டினேன்.

"ஊருக்கெல்லாம் பேசுற. வீட்டுக்கு வந்தா மட்டும் வலி. குணமாயிட்டேன்னு நீதானே சொன்ன?"

ஆமா, நான்தான் சொன்னேன். எனக்குச் சொன்னதைத்தானே சொன்னேன். அப்ப இது என்ன? இந்தக் கை பொய் சொல்லுதா, இல்ல நானா?

பதில் சொல்வதற்குள் விளக்கை அணைத்துவிட்டார். இருட்டில் எங்களுக்குப் பேச்சு கிடையாது. மற்ற வீடுகளில் கதவை அறைந்து சாத்துவார்கள். எங்கள் வீட்டில் இது.

போதும். விரல்.

ஏப்ரல் 3, புதன்

மூட்டு டாக்டர் ஒரு பெண்மணி. கணவரும் கூட வந்திருந்தார், எனக்கு முகம் கொடுக்காமல். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துச் சொன்னார்: "ஹார்மோன் அடங்கிடுச்சு, சரிதான். ஆனா அது அதிகமா இருந்தப்ப மூட்டுக்குள்ள குருத்தெலும்பு தாறுமாறா வளர்ந்து, வெடிச்சு, தேஞ்சு போச்சு. கட்டிய எடுத்துட்டாலும் தேஞ்ச மூட்டு பழையபடி ஆகாது. உங்களுக்கு வலிக்கறது நிஜம்மா."

நிஜம். அந்த ஒரு சொல்லுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இதை அவருக்கு யார் சொல்வது? நான்தான். என் நோயை என் கையாலேயே மொழிபெயர்த்தேன். 'தேய்ந்துவிட்டது' என்று காட்டும்போது கட்டைவிரல் பாதியில் இறுகி நின்றுவிட்டது. அவர் அதையே பார்த்தார். என் இரண்டு கைகளையும் பிடித்து மெதுவாக மேசைமேல் வைத்தார். பிறகு டாக்டரின் பேனாவை எடுத்து ஒரு தாளில் எழுதி டாக்டர் பக்கம் நகர்த்தினார்: 'மிச்சத்தை நீங்களே எனக்கு எழுதுங்கள். இவள் பேச வேண்டாம்.'

ஏப்ரல் 19, வெள்ளி

கட்டைவிரலை அசையாமல் பிடிக்க ஒரு பட்டை, வெந்நீர், சின்னச் சின்னப் பயிற்சிகள். வலி குறைந்தது என்று எழுத ஆசை. குறையவில்லை, எப்போது வரும் என்று மட்டும் தெரிகிறது.

மொழிபெயர்க்க எங்களை அனுப்பும் மேலாளரிடம் இனி காலை மட்டும்தான் வருவேன் என்றேன். "மத்தியானத்துக்கு நான் யாரைம்மா அனுப்புறது?"

"வேற யாரையாவது சார்."

நானா சொன்னேன்?

மே 12, ஞாயிறு

இன்று பெரிய சண்டை. என்னைக் கேட்காமல் சமையலறைக்கு ஊதா பெயின்ட் வாங்கி வந்துவிட்டார். இது வீடா, ஐஸ்க்ரீம் கடையா என்று கேட்டேன். உனக்கு ரசனை இல்லை என்றார். உங்கள் ரசனை என்னைப் பெண் பார்க்க வந்தபோது போட்ட சட்டையிலேயே தெரிந்தது என்றேன். என் கையைப் பார்க்காமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டார் — அழுகுணி ஆட்டம்! சட்டையைப் பிடித்து உலுக்கித் திறக்க வைத்தேன். நாத்தனார் இறங்கி வந்து, நான்கு கைகள் பறப்பதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே ஏறிப் போய்விட்டார்.

விரல்கள் வாழைப்பூ மாதிரி வீங்கிக் கிடக்கின்றன. அவர் வெந்நீர் வைத்திருக்கிறார், உர்ரென்று. கையை நனைத்து எடுக்கும்வரை அவர் பேசட்டும். அப்புறம் நான் இருக்கிறேன்.