மாமாவுக்கு மட்டும் நிற்காத வண்டி

அன்புக்கும் என் வயிற்றெரிச்சலுக்கும் உரிய கொளஞ்சி மாமாவுக்கு,

மாசி மகத்துக்குக் கடை போடுகிற சமயத்தில் மஞ்சள் காமாலையில் படுத்தவர், தேர் ஓடுவதற்குள் போய்விட்டீர்கள். இப்போது புரட்டாசி. ஆயுத பூசை வரப்போகிறது. அக்கா நன்றாக இருக்கிறாள் என்று எழுத ஆசைதான். சாப்பிடுகிறாள், வேலை பார்க்கிறாள், அதிகம் பேசுவதில்லை. இன்னொரு சேதி, உங்கள் பிக்கப் வண்டியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன்!

இந்தக் கடிதத்தை நம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். ஊரும் படிக்கட்டும். ஊர்தானே என்னைப் பாடாய்ப் படுத்தியது?

நான் எந்த ஒர்க் ஷாப்பிலும் வேலை கற்றவன் இல்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய இங்கிலீஷ் மோட்டார் புத்தகங்களில் படத்தைப் பார்த்துப் பார்த்தே இன்ஜினைக் கற்றுக்கொண்டேன். கார்புரேட்டர் என்று யாராவது சொன்னாலே எனக்குச் சிலிர்க்கும். தெருவில் ஒரு லாரி உறுமினால் சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடுவேன். உங்களுக்கோ ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவதைத் தவிர பானெட்டுக்குள் ஒன்றும் தெரியாது. ஆனால் வண்டி உங்களுக்கு ஓடியது. ஒரு நாள்கூட நிற்காமல் ஓடியது. இது என்ன நியாயம் மாமா?

உங்கள் மேல் எனக்கு முன்பே ஒரு கோபம் இருந்தது. கல்யாணம் ஆகும்வரை விருத்தாம்பாள் என் அக்கா. பொரிகடலை வாங்கினாலும் எனக்குப் பாதி எடுத்து வைப்பாள். நீங்கள் வந்த பிறகு அந்தப் பாதியும் உங்கள் சட்டைப் பைக்குப் போனது. சரி, அக்காவை விட்டுக்கொடுத்தேன். வண்டியாவது எனக்குப் படிய வேண்டாமா?

சாவி என் கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெட்ரோல் அளவைக் காட்டும் முள்ளைச் சரிசெய்தேன். உங்கள் காலம் முழுவதும் அது செத்துக் கிடந்தது. அதனால்தானே நீங்கள் வண்டியை எங்கே நிறுத்தினாலும் சீட்டுக்கு அடியிலிருந்து மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டு இறங்குவீர்கள்? டேங்க் மூடியைத் திறந்து குச்சியை உள்ளே விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பீர்கள். டீ குடிக்க நின்றாலும் குச்சி. ரயில்வே கேட்டில் நின்றாலும் குச்சி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மானம் போகும்.

முள் எழுந்து நின்ற அன்று அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இனிமே குச்சியே வேணாம்க்கா!” என்றேன்.

“வேணாம்னா வுடு. தூக்கிப் போட்டுடாத” என்றாள்.

அதற்குப் பிறகுதான் வண்டி நிற்க ஆரம்பித்தது.

ஊருக்குள் எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் செய்யாது. செராமிக் தொழிற்பேட்டையில் கப்பு, சாசர், பொம்மை எல்லாம் வைக்கோல் போட்டு ஏற்றிக்கொண்டு மங்கலம்பேட்டைக்குக் கிளம்பினால், பாதி வழியில் இருமும், குலுங்கும், நின்றுவிடும். நான் பிளக்கைக் கழற்றித் துடைப்பேன். கிளம்பிவிடும்! பிளக்குதான் கோளாறு என்று குதிப்பேன். அடுத்த நடையில் திரும்ப நிற்கும். பாயின்ட்டைத் தேய்ப்பேன். கிளம்பும்! ஆகா, பாயின்ட்டுதான் என்பேன். அதற்கடுத்து கார்புரேட்டர், பிறகு காயில், பிறகு பெட்ரோல் பம்பு. ஒவ்வொரு தடவையும் நான்தான் ஜெயித்தேன் என்று நினைப்பேன். ஒவ்வொரு தடவையும் வண்டி அடுத்த நடையில் என் முகத்தில் கரியைப் பூசும். இதில் ஒரு விசித்திரம் வேறு. டேங்கு நிறைய இருந்தால் சீக்கிரம் நிற்கும், பெட்ரோல் குறைவாக இருந்தால் கொஞ்சம் தூரம் போகும். எந்தப் புத்தகத்தில் இதைத் தேடுவது?

டீக்கடையில் உங்கள் கூட்டாளி முருகேசன் இருக்கிறாரே, அவர் வாயை மூட முடியுமா?

“என்னா இன்ஜினியரு, இன்னிக்கி எந்தப் புளியமரத்தாண்ட நின்னுது?”

“சின்னக் கோளாறுண்ணே. பாத்துட்டேன்.”

“கொளஞ்சி ஓட்டசொல்ல ஒரு நாளாச்சும் நின்னுதாடா? அவன் கை ராசி. ஒங்கையில ஸ்பானருதான் இருக்குது.”

கடை முழுவதும் சிரித்தது. டீ எனக்குக் கசந்தது மாமா. செத்துப்போன மனுசன் மேல் பொறாமைப்படுகிறவன் உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

அக்கா சொன்னதுதான் அதைவிட வலித்தது. “அவரத் தேடுதுடா வண்டி” என்றாள். பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிரீஸும் கையுமாக நிற்கிறேன், வண்டி உங்களைத் தேடுகிறதாம்!

போன வாரம் லோடு கொடுக்கிற பட்டறை முதலாளி கூப்பிட்டார். “தம்பி, பீங்கான் சரக்கு. நடு ரோட்டுல குலுங்கிக் குலுங்கி நின்னா பாதி ஒடையுது. கடைக்காரனுக்கு நான் என்னா பதில் சொல்றது? இன்னொரு தடவ நின்னுதுன்னா லோடு வேற வண்டிக்குப் போயிடும், சொல்லிட்டேன்.” அந்த லோடில்தான் அக்கா வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? அன்று சாயங்காலமே மங்கலம்பேட்டையிலிருந்து பழைய வண்டி வாங்குகிற பாய் ஒருவர் வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார். அக்காதான் வரச் சொல்லியிருக்கிறாள்.

“வித்துட்டு நான் பேட்டைக்கி பொம்மைக்கிப் பெயின்ட் அடிக்கப் போறேன். நீயும் வேற வேல பாரு” என்றாள்.

“ஒரே ஒரு நட போயிட்டு வரேன்க்கா. அதுக்கப்புறம் குடுத்துடு.”

“அப்ப நானும் வரேன். நின்னா தள்ளுறதுக்கு ஆளு வேணும்ல?”

மறுநாள் காலையில் கருவேப்பிலங்குறிச்சிக்கு லோடு. டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். அக்கா உங்கள் சீட்டுக்குப் பக்கத்தில், நீங்கள் இருந்தபோது உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தாள். ஊரைத் தாண்டினோம். கரும்புக் கொல்லைகள் ஆரம்பிக்கிற இடத்தில் இருமியது. குலுங்கியது. நின்றுவிட்டது.

நான் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அவ்வளவுதான், போச்சு. பாய்க்கு வண்டி, எனக்கு ஊர்ச் சிரிப்பு.

அக்கா சீட்டுக்கு அடியில் கையை விட்டுக் குச்சியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

“முள்ளுதான் ஃபுல்லு காட்டுதேக்கா. என்னாத்துக்கு?”

“தெரியல. வண்டி நின்னா அவரு இதத்தான பண்ணுவாரு? கை தானா போவுது” என்றபடி மூடியைத் திருகினாள்.

‘உஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வந்தது மாமா. அக்கா துள்ளிப் பின்னால் வந்தாள். “டேய், மூச்சு இழுக்குதுடா!”

எனக்கு உச்சந்தலையில் அடித்தது போல இருந்தது. ஓடிப்போய் ஸ்டார்ட்டரை அமுக்கினேன். இரண்டு சுற்று சுற்றி இன்ஜின் பிடித்துக்கொண்டது. பிளக்கைத் தொடவில்லை! பாயின்ட்டைத் தொடவில்லை!

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். பாட்டிலில் வாயை வைத்து எடுக்காமல் கலர் சோடாவை உறிஞ்சிப் பாருங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் வராது, உதடுதான் ஒட்டிக்கொள்ளும். காற்று உள்ளே போனால்தான் திரும்ப வரும். டேங்கும் அப்படித்தான். காற்று போவதற்கென்றே மூடியின் நடுவில் குண்டூசி நுழைகிற அளவு ஓட்டை உண்டு. அது அடைத்திருந்தால் பம்பு உறிஞ்சி உறிஞ்சிக் களைத்துப்போகும், இன்ஜின் நிற்கும். டேங்கு நிறைய இருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, அதனால்தான் சீக்கிரம் நின்றது. கொஞ்ச நேரம் கிடந்தால் எங்கேயாவது கசிந்து காற்று புகுந்துவிடும், வண்டி கிளம்பிவிடும். நான் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம்தான் அந்தக் கொஞ்ச நேரம்!

ஓட்டையை அடைத்தது யார் தெரியுமா? நீங்கள்தான்! வருசா வருசம் ஆயுத பூசைக்கு, “வண்டிக்கி வாயி இதுதானடா” என்று சொல்லி, மூடியின் நட்ட நடுவில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைப்பீர்களே, அதுதான். அதன் மேல் பேட்டையின் வெள்ளை மண் தூசி படிந்து, வெயிலில் காய்ந்து, சூளையில் சுட்ட கப்பு மாதிரி இறுகிக் கிடந்தது. நோயைக் கொடுத்ததும் நீங்கள். நின்ற இடமெல்லாம் மூடியைத் திறந்து வைத்தியம் பார்த்ததும் நீங்கள். இரண்டும் உங்களுக்கே தெரியாது. கை ராசி என்ற பேர் மட்டும் உங்களுக்கு! எப்படி எரியாது எனக்கு?

“சுரண்டி எடுத்துடுறேன்க்கா” என்று திருப்புளியை எடுத்தேன்.

அக்கா மூடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். “அது அவரு வச்ச பொட்டுடா.”

அவள் நெற்றியைப் பார்த்தேன். உங்கள் காரியத்தன்று அழித்த இடம் வெறுமையாக இருந்தது. நீங்கள் வைத்த பொட்டில் அழியாமல் மிச்சமிருந்தது இந்தத் தகர மூடியில் இருப்பது ஒன்றுதான். நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்?

திருப்புளியைக் கீழே வைத்தேன். அக்கா ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். பொட்டு உதிராமல், நடுவில் மட்டும் மெதுவாகக் குத்திக் குத்தி ஓட்டையைத் திறந்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் குங்குமத்தின் நடுவே ஒரு புள்ளி வானம் தெரிந்தது.

அக்கா சிரித்தாள் மாமா. நிஜமாகவே சிரித்தாள். “பக்திங்கற பேருல அதுக்கு மூச்ச முட்ட வச்சிருக்காரு மனுசன்” என்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பிறகு வண்டி நிற்கவில்லை. லோடும் நம்முடையதுதான். பாய் இன்னொரு தடவை வந்தபோது டீ கொடுத்து அனுப்பிவிட்டோம்.

டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கதையைச் சொன்னேன். முருகேசன் முழுவதும் கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? “பாத்தியாடா, செத்தும் கொளஞ்சி குச்சிதான் வண்டிய ஓட்ட வச்சிது!” அவ்வளவுதான், கடை முழுவதும் உங்களைத்தான் புகழ்ந்தது. நான் கண்டுபிடித்த ஓட்டையும் உங்கள் கணக்கில் போய்விட்டது.

இருக்கட்டும். இந்த ஆயுத பூசைக்கு அந்த மூடிக்கு நான் பொட்டு வைக்கப்போவதில்லை. அக்காவை வைக்கச் சொல்வேன். “நான் வைக்கக் கூடாதுடா” என்பாள். பெரியம்மாக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பிக்கொள்ளட்டும். அவள் கையில் குங்குமத்தைக் கொடுத்து, ஓட்டையில் படாமல் வைப்பது எப்படி என்று நான் காட்டித் தருவேன். பொட்டு வைப்பதிலாவது நான் உங்களைவிடக் கெட்டிக்காரன்தானே? வண்டியின் மேல் சத்தியம் மாமா, அவள் வைக்காமல் அன்றைக்கு நான் வண்டியை எடுக்க மாட்டேன்.

குச்சி சீட்டுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

உங்கள் பொண்டாட்டிக்குத் தம்பியும்,
வயிற்றெரிச்சல் இன்னும் தீராத உங்கள் மச்சினனும் ஆகிய
தண்டபாணி