வாய்க்குள் பாடியவள்

மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். உங்கள் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததா? சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுகிறீர்களா? இங்கே குழாயில் இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை, மற்றபடி குறையொன்றும் இல்லை. இப்படி ஒரு பக்கம் எழுதிவிட்டு மெல்ல விஷயத்துக்கு வரலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு உங்கள் மேல் கோபம்.

அக்கா, நீங்கள், நான் மூன்று பேரும் வாசித்த முதல் இசைத்தட்டைக் கம்பெனி மறுபடி வெளியிடப்போவது உங்களுக்குத் தெரியும். தெரியாமலா கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்? போன செவ்வாய்க்கிழமை மாதிரித் தட்டு தபாலில் வந்தது. கூடவே என்னைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரம். ஜாஸையும் ப்ளூஸையும் கலைத்துப் போட்டுப் புது வழி கண்ட கிதார் கலைஞராம். ஓட்டல் மேடையைக் கொள்கைக்காகத் துறந்தவளாம். நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் கம்பிகளுக்கு நடுவே ஸ்பூனைச் செருகி வாசித்ததில், சாப்பிட வந்தவர்களால் மெல்லவே முடியவில்லை என்று மேனேஜர் நம்மைச் சமையலறை வழியாக வெளியே அனுப்பினார். அக்கா பின்வாசல் படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். அதன் பிறகு பதினோரு வருஷம் பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தேன், சாயங்காலத்தில் வாசித்தேன். அதைப் பற்றிப் பிரசுரத்தில் ஒரு சொல் கிடையாது. வெளிநாட்டு விழாவில் பாதி அரங்கம் எழுந்து போனதையும் விட்டுவிட்டார்கள். மிச்சப் பாதி எழுந்து நின்று கைதட்டியது மட்டும் இருக்கிறது. கீச்சு என்ற என் பெயர் ஏதோ பறவையின் பெயராம். எண்ணெய் போடாத கதவு மாதிரி வாசிக்கிறேன் என்று அக்கா வைத்த பெயர் அது.

இதெல்லாம் போகட்டும். தட்டைப் போட்டேன். முதல் பாட்டு பாதி ஓடுவதற்குள் ஏதோ குறைகிறது என்று பட்டது. என்ன என்று புரியவில்லை. இரண்டாம் தடவை கேட்டபோதுதான் பிடிபட்டது. ட்ரம்ஸ் வாசிக்கும்போது அக்கா தன்னை அறியாமல் வாய்க்குள் பாடிக்கொண்டே இருப்பாளே, அந்தக் குரலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள்.

மறுநாளே கம்பெனிக்குப் போனேன். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். அது இரைச்சல் என்றார், புதுக் கருவியில் அதைத் துளி மிச்சமில்லாமல் எடுத்துவிடலாம் என்றார். ப்ளூஸில் ஒருவர் கேட்பார், இன்னொருவர் பதில் சொல்வார், அந்தத் தட்டில் கேட்டவள் அக்கா, பதில் சொன்னவள் நான், கேள்வியை எடுத்துவிட்டால் நான் தனியாகப் பிதற்றுவது போல் இருக்கிறது என்று விளக்கினேன். என் ‘துணிச்சலான மௌனங்களை’ எல்லோரும் பாராட்டுகிறார்களே என்றார். அவை மௌனங்கள் இல்லை அத்தான். அக்கா பேசிக்கொண்டிருந்தாள், நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

ஒப்பந்தத்தில் மூன்று பங்கு. அக்கா இறந்தபின் அவள் பங்கும் உங்களுடையது. இரண்டு பங்கு சரி என்றால் என் மறுப்பு செல்லாதாம். சம்மதத்தை நீங்கள் திரும்பப் பெற்றால்தான் பழைய ஒலிப்பதிவை அப்படியே வெளியிடுவார்களாம். அதற்கான தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஜூன் இருபதாம் தேதி வெளியீட்டு விழா. தாள் வராவிட்டால் மேடை ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சுவரொட்டி அச்சாகிவிட்டதே என்றார். என் முகத்தின் மேல் வேறு யார் முகத்தையாவது ஒட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோபம் வேறு, அக்கறை வேறு.

இப்படிக்கு,
கீச்சு


ஏப்ரல் 9

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் நாலு வரிக் கடிதமும் கையெழுத்தில்லாத தாளும் வந்து சேர்ந்தன. “அவ குரல் வந்ததுமே தட்டை நிறுத்திடறேன். அது இல்லாம இருந்தா நம்ம பாட்டை ஒரு தடவையாவது முழுசா கேக்கலாம்னு பார்த்தேன். வேற ஒண்ணுமில்ல கீச்சு” என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று தடவை படித்தேன். கம்பெனிக்காரர்கள் ஏதோ சொல்லி உங்களை மயக்கிவிட்டார்கள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். மன்னியுங்கள். கோபம் போய்விட்டது. பிடிவாதம் போகவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அக்கா போன பிறகு எட்டு மாதம் நான் கிதார்ப் பெட்டியைத் திறக்கவில்லை. போனில் நீங்கள் கேட்டபோதெல்லாம் தினமும் வாசிக்கிறேன் என்று புளுகினேன். திறந்த அன்று கம்பிகள் துருப்பிடித்திருந்தன. மாற்றப் பொறுமை இல்லாமல் துருவோடேயே வாசித்தேன். விரல் கறுத்துப்போனது. ஆனால் அந்தக் கரகரப்பு எனக்குப் பிடித்துவிட்டது. அதை வைத்தே புதிதாக ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். கடைசிப் பகுதி மட்டும் இன்னும் படியவில்லை. தினமும் நாலு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டுகிறேன்.

நீங்களே சொன்ன ஒன்றையும் நினைவுபடுத்த வேண்டும். டயர்க் கடை மாடியில் அந்தத் தட்டைப் பதிவு செய்த நாள். அக்கா வாயைத் திறக்கவே கூடாது என்று ஒலிப்பதிவாளர் கண்டித்தார். பாவம், கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று தடவை ஆரம்பித்தோம், மூன்று தடவையும் அவள் தாளம் நொண்டியது. அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. சும்மா இரேன் அக்கா என்று நானும் கடிந்துகொண்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. யாரிடமும் குரல் உயர்த்தாத நீங்கள் அன்று உங்கள் பேஸ் வாத்தியத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அந்த மனிதரிடம் சொன்னீர்கள்: “அவ வாயை மூடினா கை நின்னுடும் சார். ரெண்டும் ஒண்ணுதான். எடுக்கறதா இருந்தா ரெண்டையும் எடுங்க. இல்ல, ரெண்டையும் விடுங்க.”

அவர் விட்டார். அதனால்தான் அப்படி ஒரு தட்டு நமக்குக் கிடைத்தது.

அதே தாளை மறுபடி வைத்திருக்கிறேன். நீங்கள் போடாவிட்டாலும் உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் விழாவுக்குப் போகமாட்டேன். கம்பெனி இனி என்னைக் கூப்பிடாது என்பது தெரியும். இந்த வயதுக்கு மேல் வேறு கம்பெனி கிடைக்காது என்பதும் தெரியும். யோசித்துத்தான் எழுதுகிறேன். கண்ணாடிக் கடை அதே இடத்தில்தான் இருக்கிறது.

உங்கள் முடிவு எதுவானாலும், கடிதம் மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
கீச்சு


ஜூன் 25

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் இல்லாமல் தாள் மட்டும் வந்தது. கையெழுத்து கோட்டைத் தாண்டி ஓரம் வரைக்கும் போயிருந்தது. ஒரே மூச்சில் போட்டிருப்பீர்கள் என்று புரிந்துகொண்டேன். நன்றி என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். அந்தச் சொல் போதவில்லை.

மேலாளர் முதலில் முகம் கோணினார். புதிய தட்டுகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு மறுபடி அச்சடிக்க வேண்டியிருந்ததே. எனக்காகப் பேசியது அவர்களுடைய ஒலிப்பதிவாளர் அம்மாள்தான். அக்காவின் குரலைத் துடைத்தவரும் அவரே. பழைய பதிவை நான் அவருக்கு முழுதாகப் போட்டுக் காட்டியபோது, அக்கா பாட நான் கிதாரை நிறுத்திக் கேட்கும் இடத்தில் அவராகவே கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். “இதை யாரும் எனக்குச் சொல்லலையே” என்றார். அதற்குமேல் நான் வாதாட வேண்டியிருக்கவில்லை.

விழாவில் அரங்கம் முக்கால்வாசி நிறைந்தது. நான் வாசிப்பதற்கு முன் முதல் பாட்டைப் போட்டார்கள். குரல் வந்ததும் முன்வரிசையில் ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார், யாரோ பின்னாலிருந்து பாடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார் போல. மைக்கைப் பிடித்து, “எங்க அக்கா” என்றேன். உட்கார்ந்து புதுசை வாசித்தேன். ஏழெட்டுப் பேர் எழுந்து போனார்கள். பழைய நாளை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை.

இந்தப் பொட்டலத்தில் இரண்டு தட்டுகள் இருக்கின்றன. அச்சடித்த உறையில் இருப்பது விற்பனைக்கு வந்தது. வெள்ளை உறையில் இருப்பது அக்காவின் குரல் இல்லாதது, உங்களுக்கென்று அந்த அம்மாளிடம் கேட்டு வாங்கிய ஒரே ஒரு பிரதி. ஊருக்கு அப்படிக் கொடுப்பது தப்பு என்றுதான் சண்டை போட்டேன். உங்கள் வீட்டில் நீங்கள் தனியாக உட்கார்ந்து கேட்பதில் தப்பில்லை. முதலில் வெள்ளை உறையைக் கேளுங்கள். மற்றதற்கு அவசரமில்லை. ஒரு வருஷம் ஆகட்டும், பத்து வருஷம் ஆகட்டும்.

புதியதைப் பதிவு செய்யக் கம்பெனி சம்மதித்துவிட்டது. ட்ரம்ஸுக்கு ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வருகிறாள், கணக்கு டீச்சர், தாளத்திலும் கறார். பேஸ் வாசிக்க நாலைந்து பேர் கேட்டு வந்தார்கள். யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஆகஸ்டு நாலாம் தேதி ஒத்திகை தொடங்குகிறோம். மாடி அறைதான் வசதி, காற்றோட்டமும் அங்கேதான். ஆனால் படிக்கட்டு குறுகல், திருப்பத்தில் உங்கள் ஆளுயர டபுள் பேஸ் முட்டும். நாடாவைப் பிடித்து அளந்தே பார்த்துவிட்டேன். ஆகையால் கீழ் அறையைக் காலி செய்து சுத்தம் பண்ணி வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அத்தான். உங்கள் ஊர்க் காலை ரயில் இங்கே பத்தே காலுக்கு வருகிறது.

என்றும் உங்கள்,
கீச்சு