எட்டாவது ஓட்டு

ஜனவரி 3, வெள்ளி

ஜெராக்ஸ் கடையைத் திறக்கவே இல்லை. காலையிலிருந்து சால்வையும் மாலையுமா வர்றாங்க. ஒன்றியக் கவுன்சிலர் பிரவீணா — எழுதிப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு.

ஆனா ஜனங்க போட்ட ஓட்டோட இது முடியலையே. ஒன்றியத் தலைவரை ஜனங்க நேரா தேர்ந்தெடுக்க முடியாது. ஜெயிச்ச கவுன்சிலருங்க பதினைஞ்சு பேரும் 11-ந்தேதி ரகசியமா ஓட்டுப் போடணும். பதவி இந்தத் தடவை பெண்களுக்கு. எங்க பக்கம் எட்டு பேர், நிக்கிறது நான். பழைய தலைவர் ராசாங்கம் பக்கம் ஏழு, அவரு மருமகளை நிறுத்துறாரு.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. எங்க தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை. அப்பாவை முழங்கால் சேத்துல, வயலுக்குள்ள தூக்கிட்டுப் போனாங்க. ரெண்டு தரம் பாடை சாஞ்சுது. அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

ஜனவரி 6, திங்கள்

பதவிப் பிரமாணம் முடிஞ்சுது. சாயங்காலம் என் வூட்டுக்காரர் அறிவரசன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். லாரியில வரும்போது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல பார்த்தாராம், ராசாங்கம் காரிலிருந்து நஜீமா இறங்குனதை.

நஜீமா எங்க எட்டுல ஒருத்தங்க. லப்பைக்குடிகாட்டுப் பொண்ணு, எங்க ஒன்றியத்துல வாக்கப்பட்டவங்க. காலையிலகூட வாய் நிறைய அக்கான்னு கூப்பிட்டாங்க. அப்புறம் எதுக்கு அந்தக் கார்?

இளையபெருமாள்கிட்ட சொல்லிட்டேன். எங்க அணியைக் கட்டி மேய்க்கிறவர் அவர்தான்.

ஜனவரி 7, செவ்வாய்

வேளாங்கண்ணி. எட்டு பேரையும் வேன்ல ஏத்திக் கொண்டாந்து லாட்ஜுல வச்சிருக்கார் இளையபெருமாள். போனெல்லாம் அவர் பையில. யாராவது கேட்டா கடல் பார்க்க வந்தோம்னு சொல்லணுமாம்.

ஜனவரி 8

நஜீமாகிட்ட இன்னொரு போன் இருக்கு! பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுறாங்க. கேட்டா, சார்ஜாவுல இருக்கிற வூட்டுக்காரராம். புருஷனோட பேச குழாய் எதுக்கு?

ஜனவரி 9, வியாழன்

மத்தியானம் சாப்பிடும்போது நஜீமா பாடம் எடுத்தாங்க. குடியரசுத் தலைவரையும் இப்படித்தான், ஜனங்க அனுப்புன எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்களாம். நம்மளை அனுப்புனதே நல்லா யோசிச்சுப் போடத்தானாம். யாருக்கும் பயப்படாம போடணும்னுதான் ரகசியமா வச்சிருக்காங்களாம்.

மத்தவங்க தலையாட்டுனாங்க. யோசிக்க என்ன இருக்கு இதுல? இந்த நேரத்துல ரகசியத்தைப் பத்தி என்ன பேச்சு?

ஜனவரி 10, வெள்ளி

வழி கண்டுபிடிச்சுட்டேன். கடையில ஒரிஜினலும் ஜெராக்ஸும் கலந்துடாம இருக்க, ஒரிஜினல் ஓரத்துல பென்சிலால ஒரு புள்ளி வைப்பேன். இத்தனை வருஷத்துல ஒரு தாள் மாறுனதில்லை.

நஜீமாவைத் தனியாக் கூப்பிட்டேன். என் பேருக்கு நேரா பெருக்கல் குறி போட்டுட்டு, கீழ பேனாவால ஒரு புள்ளி வைங்க, எண்ணும்போது நான் பார்த்துக்கிறேன்னு சொன்னேன். என் முகத்தையே பார்த்தாங்க.

“நம்பலையாக்கா?”

புள்ளியை எங்க வைக்கணும்னு மறுபடியும் காட்டுனேன். சரி வைக்கிறேன்னுட்டுப் போயிட்டாங்க.

ஜனவரி 11, சனி

தோத்துட்டேன்.

அதிகாரி ஒவ்வொரு சீட்டா பிரிச்சு எங்க ரெண்டு பேருக்கும் காட்டுனார். அவங்களுக்கு ஏழு, எனக்கு ஏழு. கடைசிச் சீட்டு. என் பேருக்கு நேரா பெருக்கல், கீழ புள்ளி. நான் சொன்ன மாதிரியே, அழகா. அந்த ஒரு நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷம்!

அதிகாரி கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்தார். போட்டது யாருன்னு காட்டுற அடையாளம் இருக்கு, இது செல்லாதுன்னார். சமநிலை. குலுக்கல்ல ராசாங்கம் மருமக பேரு வந்துச்சு.

வெளியில வந்ததும் இளையபெருமாள், வேணும்னே ஓட்டைக் கெடுத்தது நஜீமாதான், கார்ல ஏறினப்பவே வெல போயிட்டாங்கன்னு எல்லார் முன்னாலயும் கத்துனார். நஜீமா என்னைப் பார்த்தாங்க. நான் குனிஞ்சுக்கிட்டேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

ஜனவரி 15

பொங்கல். பால் பொங்குச்சு.

ஜனவரி 17, வெள்ளி

மனசு கேக்காம நஜீமா வூட்டுக்குப் போனேன். டீ குடுத்தாங்க. அக்கான்னு கூப்பிடலை.

அந்தக் கார்ல ராசாங்கம் ஓட்டுக் கேட்டிருக்கார். முடியாதுன்னுட்டு பாதி வழியில, பஸ் ஸ்டாண்டுல இறங்கியிருக்காங்க. அவரு உடனே சார்ஜாவுக்கு அடிச்சு இவங்க வூட்டுக்காரர் அனஸைப் பிடிச்சிருக்கார். ராசாங்கத்துக்கே போடுன்னு புருஷன் ஒத்தக்கால்ல நிக்க, அத்தனை நாளும் குழாயைத் திறந்துவிட்டுக்கிட்டு எனக்காகச் சண்டை போட்டிருக்காங்க. எட்டு பேருல வேற யாரு எனக்காக வூட்டோட மல்லுக்கு நின்னாங்க?

“புள்ளி வச்சா செல்லாதுன்னு எனக்கும் தெரியாது. வைக்கலைன்னா நீங்க நம்ப மாட்டீங்கன்னு மட்டும் தெரியும்.”

பஸ்ல வரும்போது அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா தண்ணி குடுத்தாங்க.

ஜனவரி 28, செவ்வாய்

முதல் கூட்டம். உள்ளே போகும் முன்னாடி, வாசல்ல இளையபெருமாளையும் எங்க ஆளுங்களையும் நிறுத்தி, புள்ளி வைக்கச் சொன்னது நான்தான்னு சொல்லிட்டேன். இனி இந்த அணியில என்னை யாரும் மதிக்கப் போறதில்லை. போகட்டும்.

சுடுகாட்டுப் பாதைக்குத் தீர்மானம் கொண்டாந்தேன். ஆதரிக்கிறவங்க கை தூக்கச் சொன்னாங்க. முன் வரிசையிலிருந்து முதல்ல எழுந்தது நஜீமா கை. மொத்தம் எட்டு, தீர்மானம் ஜெயிச்சுது. நிதி வந்ததும் பார்க்கலாம்னு தலைவரம்மா எழுதிக்கிட்டாங்க.

நஜீமா திரும்பிப் பார்க்கலை. கூட்டம் முடிஞ்சதும் யார்கிட்டயும் பேசாம பஸ் ஏறிட்டாங்க.