ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்தேன், மரகதம்

அன்பு மரகதம்,

மனுஷன் எதையும் எண்போட்டுத்தான் தொடங்குவார் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே உனக்குச் சொல்ல வேண்டியவற்றை இப்படி எழுதி வைத்தேன்.

1. நம் ஸ்பீக்கர் பெட்டி பழுது.
2. உன் கடைசி மாதத்தில் நீ கூப்பிட்டது எனக்குக் கேட்காததற்கு அந்தப் பழுதே காரணம்.
3. அதை நானே வீட்டில் வைத்துத் திருத்துவேன்.
4. திருத்தியதும் மாரியம்மன் கோயில் பெண்களின் பஜனைக்குக் கொடுத்துவிடுவேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூன்று வகுப்புகளைத் தாண்டிக் கேட்ட உன் டீச்சர் குரல், நெஞ்சு நோய் வந்த பிறகு தலையணையைக்கூடத் தாண்டவில்லை. எனக்கோ பாதிக் காது. நீ முன்னறையில் கட்டிலில் கிடந்தாய், நான் பின்னால் சமையலறையில் நின்றேன். அதனால்தான் மாத்தளை டவுனில் அந்தப் பெட்டியை வாங்கி வந்து அடுப்புக்கு மேலே மாட்டினேன். மைக்கை உன் தலைமாட்டில் வைத்தேன். அதன் பிறகு நம் ஊர் அலுவிகாரையில் நம் வீட்டுச் சமையல் யாருக்கும் ரகசியமாக இருக்கவில்லை.

“என்னங்க, பருப்பு கருகுற வாசம் இங்க வரைக்கும் வருது. காதுதான் போச்சுன்னு பாத்தா மூக்குமா போச்சு?”

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து புஷ்பா கேட்பாள்: “டீச்சர், நான் வந்து அடுப்ப அணைக்கட்டுமா?”

உன் கடைசி மாதத்தில் பெட்டி பேசவே இல்லை. நீ தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். நான் சட்டி கழுவிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் நீ போய்விட்டாய்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். நீ கூப்பிட்டாயா? தண்ணீர் கேட்டாயா? பெட்டி பழுது என்றால் குற்றம் பெட்டியுடையது. பெட்டி நன்றாக இருந்தது என்றால் குற்றம் என் காதுடையது. ஒரு பெட்டி பழுதாக இருக்க வேண்டும் என்று ஒரு மனிதன் இத்தனை மாதம் வேண்டிக்கொள்வானா? நான் வேண்டிக்கொண்டேன். போட்டுப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. கருமாதி முடிந்ததும் உன் அறையின் நீலத் திரைச்சீலையையும் மைக்கையும் பெட்டியையும் சேர்த்து ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

போன வாரம் புஷ்பா வந்து, கோயிலுக்கு அது கிடைக்குமா என்று கேட்டாள். எடுத்துக் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். உம்மென்று ஓர் இரைச்சல், அவ்வளவுதான். எனக்கு மனம் இலேசானது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

திருத்தத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் பிளான் படம் வரைந்தவன், அதனால் முதலில் படம் வரைந்தேன். எந்த ஆணி எந்தத் துளைக்கு, வெளியே எந்த வயர் எங்கே போகிறது என்று எல்லாம் குறித்தேன். கரண்ட் பிளக்கைக் கழற்றிவிட்டு, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியட்டும் என்று தேத்தண்ணி குடித்தேன். கழற்றினேனா என்று சந்தேகம் வந்து மறுபடி போய்ப் பார்த்தேன். அப்புறம் முதுகுப் பலகையைத் திறந்தேன்.

உள்ளே எலிக்கூடு. பின்பக்கத்து வட்டத் துளை வழியாக வந்து, மைக் சொருகும் இடத்திலிருந்து போகும் மெல்லிய வயரைக் கடித்துப் போட்டிருக்கிறது. இரைச்சலுக்குக் காரணம் அதுதான். கூட்டைக் கையில் எடுத்தேன். நீல நூல். உன் திரைச்சீலையைக் கிழித்துக் கட்டிய கூடு.

திரைச்சீலை ஸ்டோர் ரூமுக்குப் போனது நீ போன பிறகுதானே? அப்படியானால் எலி வந்ததும் அதற்குப் பிறகுதான். நீ இருந்தபோது வயர் அறுந்திருக்கவில்லை.

கூட்டைத் தரையில் வைத்தேன். முதுகு வலித்தது. திறந்ததை அப்படியே விடவும் முடியவில்லை. புது வயர் வைத்து ஈயத்தால் ஒட்டி, பலகையை மூடி, பிளக்கைச் சொருகினேன். இரைச்சல் இல்லை. குரலும் இல்லை. நான்தான் பிழையாக ஒட்டிவிட்டேன் என்று திரும்பவும் கழற்றி, திரும்பவும் ஒட்டினேன். பிறகுதான் மைக்கின் கழுத்தைப் பார்த்தேன். சுவிட்ச் கீழே தள்ளி ஆஃபில் இருந்தது. அதை நான் ஒருநாளும் தொட்டதில்லை.

மேலே தள்ளிவிட்டு “ஹலோ” என்றேன். வீடே அதிர்ந்தது. புஷ்பா மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

“ஐயோ, நெசமாவே பயந்துட்டேன் ஐயா! டீச்சர்தான் கூப்பிடுறாங்களோன்னு.”

“டீச்சர் இருந்தப்பவே இது வேல செய்யல, புஷ்பா.”

“யாரு சொன்னா? டீச்சர்தானே மைக்க ஆஃப் பண்ணி வெச்சாங்க. வேணும்னா ஜன்னல் கம்பியில கரண்டியால தட்டுவாங்க. நான் முன்வாசலால வந்துட்டுப் போயிருவேன். ஒங்களுக்கு அது கேக்காது.”

“என்னக் கூப்பிட்டா என்னவாம்?”

“கோவிச்சுக்காதீங்க. ‘அவரக் கூப்பிட்டா கையத் தொடச்சு, கிளாஸக் கழுவி, தட்டத் தேடி எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள எனக்குத் தாகமே போயிருது. வந்ததும் முழங்காலப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, பாக்க முடியலடி’ம்பாங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

“அன்னிக்கு?” என்றேன்.

“அன்னிக்கும் தட்டுனாங்க. தண்ணி குடுத்தேன். முழுசாக் குடிச்சாங்க. அப்புறம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.”

நீ தாகத்தோடு போகவில்லை. இத்தனை மாதம் நெஞ்சில் கிடந்த பாரம் அதோடு இறங்கிவிட்டது. ஆனால் மரகதம், கொடுத்த கை என்னுடையதில்லை. என் முழங்காலுக்காக இரங்கினாயா? என் நிதானம் உனக்குச் சலித்துப் போயிற்றா? புஷ்பாவிடம் கேட்க வாய் வரவில்லை. உன்னிடம் கேட்கிறேன், நீயும் சொல்லப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை பெட்டியை நானே கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இனி இந்த வீட்டில் யார் தண்ணீர் கேட்டாலும் முதலில் கொடுத்துவிடுவேன், தட்டைப் பிறகு தேடிக்கொள்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

மேலே போட்ட இரண்டாவது எண்ணை அடித்துவிடு. அது பிழை. பெட்டி நன்றாகத்தான் இருந்தது. நீ என்னைக் கூப்பிடவில்லை.

உன் வீட்டுக்காரர்,
சதாசிவம்